மூன்றாம் தகடு

2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் உள்கடலின் மேல் பனிமூட்டம் கலையவே இல்லை. தென்காற்று இருந்தும் இல்லாதது போல அசைந்துகொண்டிருந்தது. ஈரக்காற்று மோட்டார்களுக்கு ஆகாது. மாருகமே படகுப் பந்தயத் துறையின் கொட்டகையில் கூடியிருந்த வீரர்கள் வானத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, குலுக்கல் பெட்டியைச் சுற்றி வந்து நின்றனர்.

பந்தயப் படகும் மோட்டாரும் துறைக்குச் சொந்தமானவை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் சொல்லும். வீரன் தன் வீட்டிலிருந்து கொண்டுவரக்கூடியது புரொப்பல்லர் மட்டுமே. அதைத் தன் கையாலேயே சுத்தியலால் தட்டி, வளைத்து, தனக்கு வேண்டிய வடிவுக்குக் கொண்டுவந்திருப்பான். எனவே வென்றவனைப் பார்த்து, "நல்லா ஓட்டினே" என்று சொல்பவர்களைவிட, "நல்லா தட்டியிருக்கே" என்று சொல்பவர்களே அங்கே அதிகம்.

மியாவாக்கி கிகுயோ பெட்டிக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுத்தாள். எண்ணைக் கேட்டதும் கொட்டகையே ஓவென்று கூவியது. அந்தத் துறையிலேயே பெயர்பெற்ற மோட்டார் அது. போன தொடரில் அதை ஓட்டியவன் வென்றான். அதற்கு முந்தைய தொடரில் ஓட்டியவனும் வென்றான்.

"அக்கா, கொம்பிரா கோயில்ல எவ்வளவு காணிக்கை போட்டீங்க?" என்று ஓர் இளைய வீரன் கேட்டான்.

"படி ஏறினதோட சரிடா. உண்டியல் பக்கம்கூடப் போகலை."

"அப்போ சாமிக்கே உங்க மேல பரிதாபம் வந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தனர், கிகுயோவும் சிரித்தாள். அந்தப் பரிதாபத்துக்குக் காரணம் இருந்தது. ஏப்ரலோடு பருவக் கணக்கு முடிகிறது. பல பருவங்கள் தொடர்ந்து தேர்ச்சி அளவுக்குக் கீழே நிற்பவருக்கு அதன்பின் பந்தயம் ஒதுக்கப்படமாட்டாது. அவர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொழிலை விட்டு இறங்க வேண்டியதுதான். கிகுயோ அந்த விளிம்பில் நின்றாள். இதுவே அவளுக்குப் பருவத்தின் கடைசித் தொடர். இதில் கரையேறாவிட்டால், முப்பத்தெட்டு வயதில் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் அதே ஊர்க்காரி. பள்ளிப் படிப்பை முடித்ததும் விசிறிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மூங்கிலைக் கீறி, விலா எலும்புகள் போல விரித்து, காகிதம் ஒட்டும் வேலை. ஒவ்வொரு விசிறியையும் ஒட்டி முடித்தபின் கன்னத்தருகே ஒரேயொரு முறை வீசிப் பார்ப்பாள். காற்று பரவலாக வந்தால் நல்ல விசிறி. ஓரமாக நழுவினால் எலும்பு எங்கோ முறுகியிருக்கிறது. அந்தப் பட்டறையின் சன்னலிலிருந்து படகுகளின் இரைச்சல் கேட்கும். நான்கு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தவள், ஒருநாள் தேர்வு எழுதி, மொதோசு ஏரிக்கரையிலிருந்த பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

அங்கே அவளோடு ஒரே அணியில் பயின்றவன் இசோதானி. ஓட்டுவதில் கெட்டிக்காரன்; ஆனால் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. எடை கூடினால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். தட்டில் சோற்றை மீதம் வைத்தாலோ பயிற்சியாளர் திட்டுவார். ஆகவே அவன் பங்குச் சோற்றையும் யாரும் பாராதபோது கிகுயோவே தின்று தீர்த்தாள். இந்தத் தொழிலில் ஒரே அணியில் பயின்றவர்களின் உறவு உடன்பிறப்பைப் போன்றது. அணித்தோழன் தோற்றால் அவனுடைய படகை இழுத்துக் கரையேற்ற முதலில் ஓடுபவர்கள் அவர்களே.

பிற்காலத்தில் இசோதானி முதல் தர வீரனானான். புரொப்பல்லர் தட்டுவதற்கென்று ஒரு குழு அமைத்தான். ஐந்து பேர், அவர்களுள் கிகுயோவும் ஒருத்தி. துறைக்கு வெளியே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஒன்றாக அமர்ந்து தட்டுவார்கள். யாராவது நல்ல வளைவு ஒன்றைக் கண்டுபிடித்தால், இசோதானி அதை மெல்லிய நெகிழித் தகடுகளில் அளவாக வெட்டி ஐவருக்கும் கொடுப்பான். புரொப்பல்லர் இதழின் அடிக்கு ஒரு தகடு, நடுவுக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று. தகட்டை இதழின் மேல் நிறுத்தினால் இடையில் ஒளி கசியக்கூடாது. கசியும் இடத்தில் தட்ட வேண்டும். சில ஆண்டுகளாகக் கிகுயோவின் தகடுகளை மட்டும் அவன் ஓரம் தேய்த்து வழவழப்பாக்கி, மூலையில் சிவப்பு மையால் அவளுடைய முதலெழுத்தை இட்டுத் தருவான். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

இன்னொருவருடைய தகட்டைத் தொடுவது மரியாதையன்று. ஒரே குழுவினர் என்றால் தொட வேண்டிய தேவையும் இல்லை, எல்லாம் ஒன்றுதானே.

நான்கு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நடந்த பந்தயத்தின் முதல் திருப்பத்தில் கிகுயோவின் படகு கவிழ்ந்தது. பின்னால் வந்த படகு விலக முடியாமல் அவள்மேல் ஏறியது. அதன் புரொப்பல்லர் அவளுடைய இடது தொடையைக் கிழித்தது. அந்தப் படகை ஓட்டி வந்தவன் இசோதானி. அவன் உடனே தண்ணீரில் குதித்து, மீட்புப் படகு வரும்வரை அவளுடைய தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்திருந்தான். 'என்னைக் காப்பாற்றினவன்' என்றுதான் அவனைப் பற்றி அவள் எல்லோரிடமும் சொல்வாள். இடித்தவன் என்று ஒருபோதும் சொன்னதில்லை.

காயம் ஆறித் திரும்பிய நாள் முதல் அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

குழுவின் ஐவரும் ஓடிய இந்தத் தொடரிலும் அதே கதைதான். புறப்படும் கோட்டை எல்லோரோடும் சேர்ந்தே கடந்தாள். ஆனால் அடுத்த நொடியில் மற்றவர்கள் முன்னே பாய, அவளுடைய படகு சேற்றில் கால் புதைந்ததைப் போலத் தயங்கியது. அவள் திருப்பத்தை அடைவதற்குள் உள்பக்கம் அடைபட்டிருக்கும். வெளியே சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஐந்தாம் இடம்; மறுநாள் ஆறாம் இடம்.

முன்பெல்லாம் தோற்றுத் திரும்பினால், "மோட்டார் சரியில்லை, விடு" என்று குழுவினர் தேற்றுவார்கள். அவளும் ஒப்புக்கொள்வாள். சில நாட்களில் தன் காலைக் குறைசொல்லிக்கொள்வாள். தகட்டை மட்டும் யாரும் குறைசொல்வதில்லை. தராசு பொய் சொல்கிறது என்று வியாபாரி நினைப்பானா? ஆனால் இம்முறை மோட்டார் துறையிலேயே சிறந்தது. சாக்குச் சொல்ல எதுவும் எஞ்சவில்லை. புரொப்பல்லர் அறையில் அமர்ந்து மீண்டும் மீண்டும் தகட்டை வைத்துப் பார்த்தாள். ஒளி கசியவில்லை. எல்லாம் சரி. சரியாக இருக்கும் பொருள்தான் தோற்றுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், பட்டடையின் மேல் கிடந்த நுனித் தகட்டைக் கவனியாமல் அவள் சுத்தியலை வைத்தாள். தகடு இரண்டாக முறிந்தது.

பக்கத்துப் பலகையில் அமர்ந்து தட்டிக்கொண்டிருந்தவர் ஒகுபோ. குழுவிலேயே மூத்தவர், வாயைத் திறந்தால் வேடிக்கை.

"ஒகுபோ அண்ணே, உங்க மூணாம் தகட்டைக் கொஞ்சம் குடுங்க. என்னோடது உடைஞ்சு போச்சு."

"மூணாவதா? அது வேண்டாம்மா. அதுல என் எச்சில் பட்டிருக்கு."

"தகட்டைப் போய் ஏன் நக்கினீங்க?"

"இங்க போடுற மீன் குழம்பைவிட ருசியா இருந்துச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். கிகுயோ சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஒகுபோ சிரிக்கவில்லை. தம்முடைய பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"இசோதானி வரட்டும். புதுசா வெட்டித் தருவான்."

"எதுக்கு அண்ணே புதுசு? எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

அவருடைய கை பெட்டியை விட்டு நகரவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அவரோடு சேர்ந்து சாப்பிட்டிருக்கிறாள், தட்டியிருக்கிறாள். தம்முடைய பெட்டியை அவர் கையால் மூடி அவள் பார்த்ததில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. பிறகு அவர் பெட்டியைத் திறந்து, தகட்டை எடுத்து அவளுடைய மடியில் வைத்தார்.

"எடுத்துக்கோ. எனக்கும் வயசாயிடுச்சு, இனிமே இந்தக் கனத்தைச் சுமக்க முடியாது."

இறகைவிடச் சற்றே கனமான தகடு அது.

கிகுயோ சன்னலருகே போனாள். தன்னுடைய இரண்டு துண்டுகளையும் பொருத்தி, அவருடைய தகட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வளைவு தொடங்கும் இடம் ஒன்றாக இருந்தது. முடியும் இடமும் ஒன்றாக இருந்தது. நடுவில், மயிரிழை அகலத்தில், ஒளி கசிந்தது. அவளுடைய வளைவு தட்டையானது. அந்த வடிவில் தட்டிய இதழ் தண்ணீரைப் பற்றாது, வழித்துக்கொண்டு போகும்.

தகட்டின் மூலையில் சிவப்பு எழுத்து இருந்தது. வழவழப்பாகத் தேய்த்த ஓரத்தை அவள் விரலால் ஒருமுறை தடவினாள். தேய்த்தது அழகுக்கன்று.

பந்தயத் தொடர் முடியும்வரை வீரர்கள் விடுதியை விட்டு வெளியே போக முடியாது. கைப்பேசிகளையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒளியவும் வழியில்லை. மாலை உணவுக்குப் பின், உடுப்புகள் உலர்த்தும் கொடியருகே இசோதானி கையுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தான். கிகுயோ அவன் எதிரே போய் நின்றாள்.

"என் தகட்டை ஏன் மாத்தி வெட்டினே?"

அவனுடைய கை நின்றது. "யாரு சொன்னா?"

"நீ 'நான் மாத்தலை'ன்னு சொல்லுவேன்னு நினைச்சேன். நீ 'யாரு சொன்னா'ன்னு கேக்குறே."

இசோதானி கையுறையைக் கொடியில் போட்டான். அது நழுவி விழுந்தது; அவன் எடுக்கவில்லை.

"உன் பிக்கப்பைக் கொஞ்சம் குறைச்சேன், அவ்வளவுதான். கூட்டம் போன பிறகு நீ திருப்பத்துக்கு வரணும்னு. நடுவுல மாட்டக் கூடாதுன்னு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"கிகுயோ..."

"யார் யாருக்கு?"

"எல்லாருக்கும். நீ ஆசுபத்திரியில இருந்தப்பவே பேசி வச்சதுதான். உன் நல்லதுக்குன்னுதான்."

"நான் தோத்துட்டு வந்து உக்காரும்போதெல்லாம் மோட்டார் சரியில்லேன்னு சொன்னீங்களே. ஒருத்தர் விடாம. டீ ஊத்திக் குடுத்துச் சொன்னீங்களே."

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அன்னிக்கு என் புரொப்பல்லர்ல உன் துணி சுத்திக் கிடந்துச்சு. நான்தான் அதைக் கையால பிச்சு எடுத்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

"உன்னால முடியலேன்னா நீ விலகியிருக்கணும். என்னை ஏன்டா விலக்கினே?"

 இசோதானி சட்டைப் பையிலிருந்து தன்னுடைய நுனித் தகட்டை எடுத்து நீட்டினான். "இந்தா. இது என்னோடது. நாளைக்கு இதை வச்சுத் தட்டு. உன் உரிமம் போகாது."

கிகுயோ அதை வாங்கவில்லை.

"இது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் முகம் வெளுத்தது. அவனை நோகடிக்க வேண்டும் என்று அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அவன் கொடுக்கும் எந்தத் தகட்டையும் இனி எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? கரையில் தேற்றிய சொற்கள், ஊற்றிக்கொடுத்த தேநீர், தண்ணீரில் தாங்கிப் பிடித்த கை ஆகிய எல்லாவற்றின் ஓரமும் இப்போது அவளுக்கு வழவழவென்று தெரிந்தது. அதுவே தொடைக் காயத்தைவிட வலித்தது.

அடுத்த நாள் காலை அவள் தன் பெட்டியைத் திறந்தாள். மூன்று புரொப்பல்லர்கள் இருந்தன. இரண்டு, தகட்டுக்குத் தட்டியவை. மூன்றாவது பழையது, குழுவில் சேர்வதற்கு முன்பு அவளே கண்ணாலும் காதாலும் தட்டியது. ஒவ்வொரு தொடருக்கும் கொண்டுவந்து சோதனைக்குக் காட்டுவாளே தவிர, பூட்டியதில்லை.

அதை ஓர் அச்சில் செருகி, கன்னத்தருகே பிடித்து, விரலால் சுண்டிச் சுழற்றினாள். தொடக்க காலத்தில் அப்படிச் செய்தபோது அறையே சிரித்தது. விசிறிக்காரி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். தகடு வந்தபின் அவள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டாள். கை ஒன்று சொல்லும், தகடு வேறொன்று சொல்லும். அவள் கையை அடக்கித் தகட்டுக்குக் கீழ்ப்படிந்தாள். இந்த வஞ்சனையில் தன் பங்கு அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

காற்று கன்னத்தில் ஒரு பக்கமாக நழுவியது. ஓர் இதழ் மற்றதைவிட முறுகியிருந்தது. மரச்சுத்தியால் அதை மெல்லத் தளர்த்தி, மீண்டும் சுழற்றினாள். இம்முறை காற்று பரவலாக வந்தது.

பூட்டி ஓட்டியபோது படகின் மூக்கு துள்ளியது. மோட்டார் மூச்சுத் திணறுபவனைப் போல முனகியது. அந்த வடிவம் ஏரிநீருக்குத் தட்டியது. இங்கே உப்புநீர், கனத்த ஈரக்காற்று வேறு. இதழ் அளவுக்கு மீறித் தண்ணீரைக் கவ்வியது. கரைக்கு வந்து நுனியின் சாய்வைச் சற்றே குறைத்தாள். அடுத்த ஓட்டத்தில் மோட்டார் உற்சாகமாகக் கூவியது. ஆனால் திருப்பத்தில் பிடி விட்டு வழுக்கியது. மறுபடியும் பட்டடை. நுனியைத் தொடாமல், இதழின் பின்னோரத்தை மட்டும் சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக் கீழே வளைத்தாள். அன்றைய பந்தயத்தில் மூன்றாம் இடம் வந்தது. மறுநாள் கடலின் ஏற்றம் இறங்கும் நேரத்தில் ஓட்டிப் பார்த்து, இன்னும் ஒரு விரற்கடை நீளத்துக்குத் தட்டினாள். இப்போது புறப்பாட்டில் படகு அவளைப் பின்னுக்குத் தள்ளியபடி பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலை அவள் மறந்தே போயிருந்தாள்.

குழுவினர் யாரும் அவள் பக்கத்தில் வந்து அமரவில்லை. ஒகுபோ மட்டும் எழுந்து போகும்போது, யாரிடமோ சொல்பவரைப் போல, "சத்தம் நல்லாருக்கு" என்றார். கிகுயோ நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி நாள் அவளுக்கு ஒரே பந்தயம். கணக்கு மிகத் தெளிவாக இருந்தது: இரண்டாம் இடத்துக்குள் வந்தால் உரிமம் நிற்கும், அதற்குக் கீழே என்றால் இல்லை. படகுகளின் வரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது, முதல் தடத்தில் இசோதானியின் பெயர் இருந்தது. கிகுயோ நான்காம் தடம்.

படகில் ஏறும்போது அவளுக்கு ஒரே ஓர் அச்சம். விழுவதைப் பற்றியன்று. இசோதானி திருப்பத்தில் விசையைக் குறைத்துவிடுவானோ, தன்மேல் இரங்கி வழிவிட்டுவிடுவானோ என்பதே அது. அப்படி நடந்தால் காப்பாற்றப்படும் அந்த உரிமமும் தட்டையாக வெட்டிய தகடுதான்.

பெரிய கடிகாரத்தின் முள் சுழன்றது. ஆறு படகுகளும் கோட்டைக் கடந்தன. கிகுயோவின் படகு இம்முறை தயங்கவில்லை. இரண்டாம், மூன்றாம் தடத்துப் படகுகள் அவளுடைய இடப்பக்கத்தில் பின்னுக்கு நழுவின. திருப்பு மிதவை நெருங்கியது. இசோதானி உள்பக்கத்தில், மிதவையை உரசியபடி வளைந்தான். அவனுடைய படகின் பின்புறத்துக்கும் வெள்ளை நுரைக்கும் இடையில் ஒரு வெளி திறந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் விழுந்தது அப்படிப்பட்ட வெளியில்தான்.

அவள் கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்து, அதற்குள் பாய்ந்தாள்.

நுரை முகக்கவசத்தில் அறைந்தது. ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கணத்தில் அவள் காதால் கேட்டாள்: முன்னே போகும் இசோதானியின் மோட்டார் ஒலி தாழவில்லை. அவன் விசையைக் குறைக்கவே இல்லை; தன் முழு ஓட்டத்தில் போய்க்கொண்டிருந்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் அவளுக்குக் கொடுத்த நேர்மையான பொருள் அந்த ஒலி ஒன்றுதான். அது காலம் கடந்து வந்தது.

நுரையை விட்டு வெளியேறியபோது அவளுக்கு முன்னே ஒரே படகுதான் இருந்தது. மூன்று சுற்றுகளிலும் அவளால் அவனை எட்ட முடியவில்லை. பின்னால் வந்தவர்களாலும் அவளை எட்ட முடியவில்லை. முதலிடம் இசோதானி; இரண்டாம் இடம் கிகுயோ.

வழக்கப்படி குழுவினர் ஓடிவந்து அவளுடைய படகை இழுத்துக் கரையேற்றினர். அவள் எல்லோருக்கும் தலைகுனிந்து நன்றி சொன்னாள். பிறர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. இசோதானி தலைக்கவசத்தைக் கழற்றாமலே சற்றுத் தள்ளி நின்றான். இருவருடைய கண்களும் ஒருமுறை சந்தித்தன. முதலில் விலகியது அவனுடையது. கிகுயோ தன் புரொப்பல்லரைத் தானே கழற்றித் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விளையாட்டுச் செய்தித்தாளின் நிருபர் தாமுரா, மூச்சிரைக்க ஓடிவந்தாள். குழுவைப் பற்றிப் பலமுறை எழுதியிருப்பவள், ஐவரையும் அறிந்தவள்.

"அக்கா, அசத்திட்டீங்க! முதல் இடமும் ரெண்டாம் இடமும் ஒரே குழுவுக்கு! ராத்திரி எல்லாரும் சேர்ந்து கொண்டாட்டம்தானே? குழுவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன், தலைப்புல போடுறேன்."

கிகுயோ துண்டின் முடிச்சை இறுக்கினாள்.

"எனக்குக் குழு இல்லீங்க."